நெற்றியில் கண்மலர்

எங்கள் லாரி முதலாளி ராத்திரியில் மெத்தையில் உறங்குகிறவன். ஓட்டுகிறவன் கண்ணை மூடினால் கூவுவதற்கென்று ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு கேமராவை மாட்டிவிட்டான். மாற்று டிரைவர் வெள்ளியங்கிரி, மாரியம்மனுக்கு நேர்ந்து வாங்கியிருந்த வெள்ளிக் கண்மலரை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டான்.

"இனி கத்தாதுங்க மாமா. நீங்க படுங்க."

"மூதேவி, சாமிக்கு வாங்குனத வெச்சு கேமராவ ஏமாத்தறியா?" என்றுவிட்டுப் பின்னால் படுத்தேன்.

உடம்பு குலுங்கி விழித்தபோது லாரி ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. கேமரா வாயே திறக்கவில்லை. மேலே வெள்ளிக் கண்கள் விறைத்துப் பார்த்தன. கீழே அவன் குறட்டை விட்டான். எட்டி ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே ஓங்கி ஓர் அறை விட்டேன். கண்மலர் தெறித்து விழுந்தது. பயத்தில் பிதுங்கிய அவனுடைய சொந்தக் கண்களை அடையாளம் தெரியாமல் கேமரா கூவத் தொடங்கியது.