பழைய சாம்பியனின் மறுபிரவேசம்

டான்காஸ்டர் குத்துச்சண்டை அரங்கின் உடைமாற்றும் அறையில், வெஸ்லி கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"மூணு தோல்வியெல்லாம் ஒரு தோல்வியா? இன்னிக்கு ஜெயிச்சா, பழைய ஹெவிவெயிட் சாம்பியன் திரும்பி வந்துட்டான்னு ஊரே கொண்டாடும்" என்றார் மேனேஜர் கிளைவ்.

"ஜெயிக்க முடியுமா பாஸ்? போன தடவை ரெண்டாவது ரவுண்டுலயே விழுந்தாச்சே!"

"அட, எதிர்ல நிக்கப்போறது யாரு? அறுபது சண்டையில அறுபதும் தோத்த ஆளுய்யா!"

"அந்த ஆளு நான்தானே பாஸ்! உங்க ஆளு ஜெயிப்பான்னு எதிராளி ரூமுக்கே வந்து சொல்றீங்களே!" என்றான் வெஸ்லி. "ஒழுங்கா தோத்துக் குடுக்கறேன்னுதான் வாராவாரம் கூப்பிடறாங்க. நேத்து எடை பார்க்கறப்ப உங்க சாம்பியனுக்குக் கை குடுத்தேன், அதுக்கே தள்ளாடினான். இன்னிக்கு நான் தப்பித்தவறி ஜெயிச்சுத் தொலைச்சா, அப்புறம் எவன் என்னைக் கூப்பிடுவான்?"