மாசக் கடைசி நாலு டிக்கெட்

"பாத்தியளா! மறுபடியும் நம்ம தலையிலேயே கட்டிட்டா!"

மாரிக்கண்ணன் போட்ட சத்தத்தில் அவர் டீமில் இருந்த மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சங்கரன்கோவில் திருவேங்கடம் ரோட்டில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருக்கிறது அந்த சாஃப்ட்வேர் ஆபீஸ். தலைமை ஆபீஸ் சென்னையில். இங்கே இரண்டே டீம். செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் கம்ப்யூட்டரில் ஒரு டிக்கெட் வரும். வேலை முடிந்ததும் 'முடிந்தது' என்ற பட்டனை அமுக்கினால் டிக்கெட் மறைந்துவிடும். எந்த டிக்கெட் எந்த டீமுக்கு என்று பிரித்துப் போடுவது இசக்கிசெல்வியின் பொறுப்பு.

மாரிக்கண்ணன் ராயகிரிக்காரர். சென்னையில் எட்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, போதும்டா சாமி என்று ஊரோடு வந்து சேர்ந்தவர். வேலையில் புலி. காலையில் வந்த டிக்கெட் மத்தியானச் சாப்பாட்டுக்குள் காலியாகிவிடும். முன்கோபமும் அதே வேகத்தில்தான் வரும்.

அன்று மாதத்தின் கடைசி நாள். மூன்றே முக்காலுக்கு அவர் டீமில் ஒரு டிக்கெட்கூட இல்லை. கையில் டிக்கெட் இருந்தால் மறுநாள் லீவு கிடையாது என்பது அந்த ஆபீஸ் சட்டம். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று பிள்ளைகள் ஒரு வாரமாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். மனைவிக்குப் போன் போட்டு, "காலையில அஞ்சு மணிக்குக் கிளம்புதோம், எண்ணெய், துண்டு எல்லாம் எடுத்து வை" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், திரையில் நாலு புது டிக்கெட்.

நாலுமே பக்கத்து டீமுக்கு வந்தவை. முகம்மது சாதிக்கின் டீம்.

மாரிக்கண்ணன் நேரே இசக்கிசெல்வியின் மேசைக்குப் போனார்.

"ஏம்மா, இது உனக்கே நல்லா இருக்கா? போன மாசமும் கடைசி நாள் நாலு. அதுக்கு முந்தின மாசம் மூணு. சாதிக் பாய் வேலையை நான் எதுக்குப் பாக்கணும்?"

"சின்ன வேலைதான் அண்ணாச்சி. மெதுவாப் பாருங்க. இன்னைக்கே முடிக்கணும்னு ஒண்ணும் இல்ல."

"மெதுவாப் பாத்தா நாளைக்கு லீவை நீயா தருவ?"

"அது வந்து..." என்று இழுத்தாள் அவள்.

"தினமும் டீ வாங்கித் தாரவரு டீமுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?"

இசக்கிசெல்வியின் முகம் சுருங்கிவிட்டது.

"ஆறு மணிக்குள்ள நாலையும் முடிச்சிக் காட்டுதேன், பாரு!"

ரோஷம் வந்துவிட்டால் மாரிக்கண்ணனுக்கு நாலு டிக்கெட் எம்மாத்திரம்? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் வைத்த உளுந்த வடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலரைக்கு ஒன்று முடிந்தது. ஐந்துக்கு இன்னொன்று. பட்டனை அமுக்கும் ஒவ்வொரு தடவையும் இசக்கிசெல்வியைப் பார்த்து ஒரு முறைப்பு வேறு.

அவளோ தன் திரையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஐந்தரைக்கு மூன்றாவதும் மறைந்தது. எழுந்து சாதிக்கிடம் ஓடி, ஏதோ கிசுகிசுத்தாள்.

'நல்லா வயிறு எரியட்டும்' என்று மாரிக்கண்ணனுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

ஐந்து ஐம்பது. நாலாவது வேலையும் முடிந்தது. பட்டனை அமுக்கப் போனவரின் கையை யாரோ மவுஸோடு சேர்த்து அப்படியே பிடித்தார்கள்.

முகம்மது சாதிக்!

"கையை எடும்வே!"

"என்ன பாய், உம்ம வேலையைச் செஞ்சு குடுத்தா கையைப் பிடிக்கீரு? நான் குற்றாலம் போறது பொறுக்கலையா?"

"அதை அமுக்கினா நீரு குற்றாலம் போக மாட்டீரு. பெட்டியைக் கட்டிக்கிட்டு சென்னைக்குத்தான் போவீரு."

"என்ன பாய் சொல்லுதீரு?"

"மாசக் கடைசி சாயங்காலம் ஆறு மணிக்கு, எந்த டீம்ல எத்தனை டிக்கெட் இருக்குன்னு சென்னையில பாக்காவ. ஒண்ணுமே இல்லைன்னா அந்த டீமைக் கலைச்சு, ஆளுகளை அங்கன கூப்பிட்டுக்கிடுதாவ. கோயம்புத்தூர்ல ஒரு டீம் அப்படித்தான் போச்சு. மூணு மாசமா உமக்கு வேலை வரத்து கம்மி. அடுத்த மாசம் துபாய்க் கடை ஒண்ணுக்கு சாஃப்ட்வேர் செய்யுத வேலை உம்ம டீமுக்கு வந்துரும், அதுவரைக்கும் சமாளிக்கணும்னு இந்தப் புள்ள எங்கிட்ட வந்து கெஞ்சி, டிக்கெட் வாங்கி உம்ம பேர்ல போடுதா."

மாரிக்கண்ணன் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீரு சும்மா இருப்பீராக்கும்? உடனே சென்னைக்குப் போனைப் போட்டுச் சண்டை பிடிப்பீரு. ஒண்ணு போதாதா, எதுக்கு நாலுன்னு இவகிட்ட கேட்டேன். 'ஒண்ணு குடுத்தா அண்ணாச்சி அரை மணியில முடிச்சிருவாவ'ன்னு சொன்னா. நீரு நாலையுமே முடிக்கப் பாத்தீரே, மனுஷனாவே நீரு?"

டீமே சிரித்துவிட்டது. மாரிக்கண்ணனுக்கு வெட்கம் தாங்கவில்லை. எழுந்து இசக்கிசெல்வியிடம் போனார்.

"வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதம்மா."

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. ஆறு மணி தாண்டினதும் அமுக்கிட்டு, பிள்ளைகளோட சந்தோஷமாக் குளிச்சிட்டு வாங்க" என்றாள் அவள். முகத்தில் இப்போதுதான் சிரிப்பு வந்தது.

மாரிக்கண்ணன் சாதிக்கின் தோளில் கை போட்டார்.

"அது சரி பாய், உம்ம டீம்ல அப்படி எத்தனை டிக்கெட்தான் குவிஞ்சு கிடக்கு, கேட்டதும் நாலை அள்ளிக் குடுக்க?"

"இன்னைக்கு மொத்தம் அஞ்சு இருந்துச்சுவே" என்றார் முகம்மது சாதிக்.