கதவுக்கு ஒரு ஜெனரல்

"போன மாசம் கதவுல நின்ன ஜெனரல், குதிரை வைத்தியர்னு தெரிஞ்சுது. நீங்களாவது நிஜமா?" என்றாள் கிளஃபீரா. ரஷ்யாவிலிருந்து தப்பி வந்து பாரிஸில் உணவகம் நடத்துபவள். பிரெஞ்சுக்காரர்கள் வாய் பிளக்க, கதவு திறந்துவிட அவளுக்கு ஒரு ஜார் காலத்து ஜெனரல் வேண்டும்.

தாடியும் மார்புமாக ஆறரை அடிக்கு நின்றவர் இருமினார். கூட வந்த குட்டையன்தான் பதில் சொன்னான். "அசல் ஜெனரல்மா. ஏறின ரெண்டு குதிரையும் குண்டடிபட்டு விழ, நடந்தே போய் ஆஸ்திரியாக்காரனை ஜெயிச்சவர். நான் அவரோட எடுபிடி. உருளைக்கிழங்கு உரிக்கிற வேலை குடுத்தா போதும்."

"உன்னைக் கேட்டேனா? ஜெனரல், உட்காருங்க, டீ சாப்பிடுங்க."

நெட்டையர் உட்காரவில்லை. குட்டையன் உட்கார்ந்து தலையசைத்த பிறகே நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டார்.

கிளஃபீரா ஒரு கர்னலின் விதவை. பட்டாளத்தில் யார் உட்காராமல் யார் உட்கார மாட்டார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. குட்டையரின் பக்கம் திரும்பினாள்.

"உருளைக்கிழங்கா, ஜெனரல்?"

மாட்டிக்கொண்டவர் சிரித்தார். "அஞ்சு உணவகம் ஏறி இறங்கிட்டேன். எங்கேயும் உயரம் பத்தலையாம். பத்தாயிரம் சிப்பாய்க்குப் போதுமா இருந்தவன், பாரிஸ்ல ஒரு கதவுக்குப் போதலை."

"நாளைக்கு ரெண்டு பேரும் வேலைக்கு வந்துடுங்க. ஆனா வாசல்ல நிக்கிறவர் உங்களைப் பார்த்து சல்யூட் அடிக்கக்கூடாது."

"கேட்டியா, சிதோர்?"

"உத்தரவு, ஜெனரல்," என்று நெட்டையர் துள்ளி எழுந்து சல்யூட் அடித்தார்.