‘மாத்தி’ என்றால்

1934 ஜூன் 14. நேற்றைய குறிப்பில் ஒரு சிறு பிழை. மாலை வகுப்பில் படித்த ‘மாத்தி’ என்ற மலாய்ச் சொல்லுக்கு ‘இஞ்சின் நின்றுபோவது’ என்று மட்டும் எழுதிவிட்டேன்.

ஹபீப் முகம்மது முதலாளியின் பழைய காரில், திருட்டுப் போகாமலிருக்க, நான்தான் ஒரு சுவிட்சை ஒளித்து வைத்தேன். அதைத் தட்டாமல் கார் கிளம்பாது.

“என் மகன் கேட்டாலும் சொல்லாதே, தம்பி. காரை எடுக்க, நான் சாகக் கிடக்கிறேன்னுகூடப் புளுகுவான் அந்தத் தறுதலை” என்றார் முதலாளி.

இன்று மாலை அந்த மகன் வகுப்புக்கே ஓடிவந்தான்.

“அண்ணே, அத்தாவுக்கு நெஞ்சுவலி. வேற வண்டி கிடைக்கல. சுவிட்சு எங்கே?”

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். “அத்தாவையே கேளுங்க.”

“அவரால பேச முடியலண்ணே!”

அழுதான். நல்ல நடிப்பு என்று நினைத்தேன்.

வகுப்பு முடிந்து அவர்கள் வீட்டு வழியாக வந்தேன். கார் வாசலிலேயே நின்றது. பெருமையாக இருந்தது.

மலாய்த் தோட்டக்காரர் என்னைப் பார்த்து, “மாத்தி” என்றார்.

“ஆமாம், மாத்தி” என்று சிரித்தபடி காரைக் காட்டினேன்.

அவர் இல்லையென்று தலையசைத்து, வீட்டுக்குள் கை காட்டினார்.

நாளை காலை அடக்கம். அது முடிந்ததும் சுவிட்சைக் கழற்ற வேண்டும்.