பதினொன்றாம் படுக்கை

திரைத்துணியை விலக்கிய கை அப்படியே நின்றது.

உள்ளே எமீமா ஒரு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கண்ணு முடிஞ்சிட்டும்மா. இப்ப அந்தக் கண்ணு."

தூங்குகிறவர் விழித்துவிடக் கூடாது என்பது போன்ற குரல்.

கட்டிலில் கிடந்த வயதான பெண் பதில் சொல்லவில்லை. மார்பு ஏறி இறங்கவில்லை. தாடையைச் சுற்றி உச்சந்தலையில் வெள்ளைத் துணி முடிச்சு.

திரையை விலக்கியவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

அவள் வந்தது வேறு காரியத்துக்கு. பன்னிரண்டு வருடமாகக் கல்லூரிப் பிள்ளைகள் நடுவே ஊழியம் செய்கிறவள். ஆஸ்பத்திரியோடு சேர்ந்த இந்த நர்சிங் கல்லூரியில் செவ்வாய்தோறும் ஜெபக் கூடுகை நடத்துகிறாள். அங்கே படிக்கும் எமீமா மூன்று வாரமாக வரவில்லை. நேற்று போனில் ஒரு செய்தி மட்டும் வந்தது.

இனிமே வரலக்கா. ஜெபிச்சா, கேக்க ஆளே இல்லாத மாதிரி இருக்கு.

இந்த வயதில் பலரும் சொல்வதுதான். பயிற்சி முகாம்களில் இதற்கென்றே ஒரு வகுப்பு உண்டு. நான்கு பைபிள் வசனங்களைக் குறித்துக்கொண்டு வந்திருந்தாள். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்பதுகூட பஸ்ஸிலேயே முடிவாகிவிட்டது.

போன வருடமும் ஒருத்தி இப்படித்தான் எழுதினாள். அவளிடமும் இவள் வசனத்தோடுதான் போனாள். அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது.

எமீமா நிமிர்ந்தாள்.

"அக்கா! நல்ல நேரத்துல வந்தீங்க. கூட நின்ன பிள்ளைக்கு மயக்கமா வந்துட்டு, வெளிய போயிட்டா. சிஸ்டர் டாக்டர்ட்ட கையெழுத்து வாங்கப் போயிருக்காங்க. இவங்களத் திருப்பணும். ஒரு கை பிடிக்கீங்களா?"

கையுறைகளை நீட்டினாள்.

வந்தவள் உயிர்த்தெழுதலைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறாள். இறந்த உடலைத் தொட்டதில்லை. அப்பாவின் அடக்கத்தன்றுகூட நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு தள்ளித்தான் நின்றாள்.

கையுறைக்குள் விரல்கள் நுழைய மறுத்தன. எமீமாவே இழுத்து மாட்டிவிட்டாள்.

"யாரும்மா இவங்க?"

"பேச்சித்தாய். பஸ் ஸ்டாண்டுல விழுந்து கிடந்தாங்கன்னு யாரோ கொண்டுவந்து சேத்தாங்க. ஒம்பது நாளா ஒருத்தரும் தேடி வரல. மத்தியானம்தான்..."

முடிக்காமல் வெந்நீர் வாளியின் பக்கம் குனிந்தாள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். சரியாக இருந்திருக்க வேண்டும். துணியை நனைத்துப் பிழிந்தாள்.

பேச்சித்தாயின் நெற்றியில் திருநீறு. பக்கத்துப் படுக்கைக்காரம்மா காலையில் பூசிவிட்டதாம்.

நெற்றிக்கு வந்ததும் துணி வேகம் குறைந்தது.

திருநீற்றைச் சுற்றிக்கொண்டு போனது.

ஒரு துகள் கலையவில்லை.

"பேச்சித்தாயம்மா, உங்கள என் பக்கமா திருப்பப் போறோம். எங்க அக்கா வந்திருக்காங்க. அவங்க பிடிச்சுக்கிடுவாங்க."

யாரோ பெரிய மனிதர் முன் தன்னை அறிமுகப்படுத்தியது போல் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தாள். இன்னும் இளஞ்சூடு மிச்சமிருந்தது.

திருப்பினார்கள்.

பேச்சித்தாயிடமிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது.

அவள் பிடி நழுவப் பார்த்தது.

"காத்துதாங்க்கா. நெஞ்சுல நின்னது வெளிய வருது. விட்டுராதீங்க."

பிறகு எமீமா அந்த முதுகைத் தடவினாள்.

"அவ்வளவுதாம்மா. இந்தா முடிஞ்சிட்டு."

முதுகில் படுக்கைப் புண்கள். ஒவ்வொன்றையும் துடைத்து, புதுத் துணி வைத்து, ஓரத்தை ஒட்டினாள். அழுத்தி ஒட்டவில்லை. வலிக்காமல் ஒட்டினாள்.

பத்தொன்பது வயது. கன்னத்தில் பரு. இமைகள் வீங்கியிருந்தன. எப்போது அழுதாள், யாருக்குத் தெரியும்.

மேலே மின்விசிறி சுற்றியது. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்கள். குழம்பு வாசனை வந்தது.

அவளுக்குச் செருப்பைக் கழற்ற வேண்டும்போல் இருந்தது.

இரண்டு கைகளும் பேச்சித்தாயைத் தாங்கியிருந்தன. ஒரு காலால் மறு காலை நெம்பி, ஓசைப்படாமல் கழற்றினாள்.

புதுத் துணி உடுத்தி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, வெள்ளை விரிப்பைப் போர்த்திய பிறகுதான் எமீமாவுக்கு நினைவு வந்தது.

"எதுக்குக்கா வந்தீங்க?"

அவள் வாயைத் திறந்தாள்.

"சும்மாதான்மா. உன்னப் பாக்கத்தான்."

ஸ்ட்ரெச்சர் வந்தது. அதே நேரம் நான்காம் படுக்கையிலிருந்து யாரோ சிஸ்டரைக் கூப்பிட்டார்கள். எமீமா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள்.

"நான் கூடப் போறேன்" என்றாள் அவள்.

எமீமா தலையசைத்துவிட்டு ஓடினாள்.

வெளியே நீண்ட வராந்தா. வெயில் சாய்ந்து தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. பார்வையாளர்கள் சுவரோடு ஒதுங்கி நின்றார்கள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிய ஆள் வழக்கமான வேகத்தில் போனார். அவள் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். ஜெபிக்க வேண்டும் என்று தோன்றியது. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

பிணவறைக்கு இறங்கும் சரிவு வந்தது.

அவள் குனிந்தாள்.

"பேச்சித்தாயம்மா, இறக்கம் வருது. கொஞ்சம் ஆடும்."

தள்ளிக்கொண்டு வந்தவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

பிறகு நடையைக் குறைத்தார்.