ஆறு ஒத்திகைகள்

“மன்னிச்சிடுங்க சார், அவளால உங்களுக்கு எவ்வளவு கெட்ட பேரு” என்றான் பெயிண்டர்.

விசில் சார் அவன் உட்கார ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

சட்டை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் தீத்தடுப்பு முழுக்க அவர் பொறுப்பு. கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்குவதால் அந்தப் பெயர். வீட்டில் பெண்டாட்டி கூப்பிட்டாலும் விசிலடித்துத்தான் பதில் சொல்வார் என்று தையல் பெண்கள் கேலி பேசுவார்கள்.

மூன்று வாரமாக அந்த விசில் மேசை டிராயரில் கிடக்கிறது.

தீ பிடித்தது இரண்டாம் மாடிக் கிடங்கில். மூன்றாம் மாடியில் வேலை பார்த்த இருநூற்றுப் பன்னிரண்டு பேர் நான்கு நிமிடத்துக்குள் பின்படி வழியாக இறங்கிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் இறங்கவில்லை. பட்டன் தைக்கிறவள், இந்தப் பெயிண்டரின் மனைவி. அதே மாடியின் முன்பக்கம், லிஃப்ட் கதவுக்கு எதிரே கிடந்தாள். நெருப்பு அவளைத் தொடவே இல்லை. புகைதான்.

அவளுடைய சாமான்களை எடுத்துப்போகத்தான் இன்று அவன் வந்திருந்தான்.

லாக்கரில் ஒரு சீப்பு, பாதி தீர்ந்த வலித்தைலம், மடக்குக் குடை, மாற்றுச் செருப்பு ஒரு ஜோடி. இடது செருப்பின் அடியில் இரண்டு அடுக்கு ரப்பர் ஒட்டியிருந்தது. அவளுக்கு ஒரு கால் குட்டை. ரப்பரை அவனே வெட்டி ஒட்டிக் கொடுத்தானாம்.

எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, அந்தப் பின்படியைக் கொஞ்சம் காட்ட முடியுமா என்று கேட்டான்.

முடியாது என்று எந்த வாயால் சொல்வது? அழைத்துப் போனார்.

மூன்றாம் மாடி முழுக்கக் கரி அப்பியிருந்தது. அவள் நாற்காலி அப்படியே இருந்தது. துணிச்சுருள் அடுக்கும் உயரமான ரேக்குக்குப் பின்னால் இருந்தது பின்படிக் கதவு. திறந்தால் மணி அடிக்கும் என்பதால் சாதாரண நாளில் அந்தப் பக்கம் ஈ காக்காய் போகாது.

நாற்காலியிலிருந்து கதவு வரைக்கும் பெயிண்டர் எண்ணிக்கொண்டே நடந்தான். பதினான்கு காலடி. அவள் நடைக்கு முப்பது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நிமிடம் ஆகாது.

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“விசாரணை ரிப்போர்ட்ட படிச்சுக் காட்டினாங்க சார். ஆறு தடவ தீ ஒத்திகைக்கு வந்தவளாம். வந்தும் லிஃப்ட்ட தேடிப் போயிருக்கா. இப்படி ஒரு புத்தி கெட்டவளோடயா இத்தன வருஷம் குடும்பம் நடத்தினேன்?”

துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடமும் இதையேதான் சொல்கிறான் என்று விசில் சார் கேள்விப்பட்டிருந்தார். அவளைப் பெற்றவள் காது கேட்கவே சொன்னானாம். ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லையாம்.

பயத்தில் யாருக்குமே அப்படித்தான் ஆகும் என்று சொல்ல வாயெடுத்தார்.

அவள் பயந்திருக்க மாட்டாள். அது அவருக்குத் தெரியும். புகையில் கண்ணை நம்பாதீர்கள், காலை நம்புங்கள் என்று வருடா வருடம் தொண்டை கிழியச் சொல்லிக் கொடுப்பவரே அவர்தான். அன்றைக்கு விளக்கு அணைந்ததும் அத்தனை பேர் கால்களும் தாமாகவே இந்த ரேக் பக்கம் திரும்பின. இந்தப் பக்கம் வா என்று யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எல்லோருக்கும் தெரிந்த வழிதானே என்று நினைத்துவிட்டார்கள். அவள் கால்களும் பழகிய வழியில்தான் போயின. காலை ஏறவும் மாலை இறங்கவும் லிஃப்டில் போக அவளுக்குத் தனி அனுமதி உண்டு.

பெயிண்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

“அவ எப்படியோ போகட்டும். நீங்க நல்லா இருக்கணும் சார். அவ கால நெனச்சு வருஷத்துல ஒரு நாள் நீங்களாவே கூப்பிட்டு லீவு குடுப்பீங்களாமே. வாய் ஓயாம சொல்லுவா.”

இத்தோடு வாயை மூடிக்கொண்டு அவனை அனுப்பி வைத்தால் போதும். விசாரணை முடிந்தாயிற்று. இனி யாரும் எதையும் கேட்கப் போவதில்லை. அவள் ஒருத்திதான் காலத்துக்கும் புத்தி கெட்டவளாக இருப்பாள், கட்டியவன் வாயிலேயே.

“அந்த லீவெல்லாம் ஒத்திகை நாள்லதாங்க குடுத்தேன்” என்றார் விசில் சார்.

பெயிண்டருக்குப் புரியவில்லை.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். மேலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு எல்லோரும் நான்கு நிமிடத்தில் இறங்கியாக வேண்டும். அவள் இறங்கினால் ஒன்பது ஆகும். பாவம், மூன்று மாடி இறங்க வேண்டாமே என்றும் நினைத்தார், அதுவும் பொய்யில்லை. அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வந்ததாகப் பதிவேட்டில் அவரே டிக் போட்டார். ஆறு வருடம், ஆறு டிக். இந்தக் கதவை ஒரு தடவைகூட அவளுக்குத் திறந்து காட்டியதில்லை.

அடிக்க அவன் கை நீளும் என்று எதிர்பார்த்து நின்றார். நீண்டிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

பெயிண்டர் அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டான். உடம்பு குலுங்க ஆரம்பித்தது.

“திட்டிக்கிட்டேதான் சார் அவள வழியனுப்பி வச்சேன்.”