மூச்சை விடச் சொல்லலையே!

“அக்கா, மூச்சை விடுங்க! விடுங்கக்கா!”

அவள் பதறிப்போய்க் கத்தினாள். மாடி வீட்டு அக்கா ‘புஸ்’ஸென்று மூச்சை விட்டுவிட்டு, கையிலிருந்த தாளைக் காட்டினாள்.

“இழுக்கவும்னுதானேம்மா எழுதியிருக்கே? விடச் சொல்லவே இல்லையே!”

சோபாவில் கிடந்த அவளுடைய கணவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பாங்க் வேலையை உதறிவிட்டு, மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனியில் அவள் கையேடு எழுதச் சேர்ந்து மூன்று மாதம் ஆகப் போகிறது. மிஷினோடு வரும், நாம் பிரித்தே பார்க்காத அந்தப் புத்தகத்தை எழுதுகிற வேலைதான்.

நாளை மறுநாள் பரீட்சை. மூச்சிரைப்புக்காரர்களுக்கு மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் நெபுலைசரை, அதைப் பார்த்தே இராத ஐந்து பேரிடம் அவள் எழுதிய கையேட்டோடு கொடுப்பார்கள். யாரும் வாய் திறந்து சொல்லித் தரக்கூடாது. ஐந்து பேரும் சரியாக இயக்கினால் வேலை நிரந்தரம். ஒருவரால் முடியாமல் போனாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதற்கு ஒத்திகை பார்க்கத்தான், போன மாதம் மாடிக்குக் குடிவந்த அக்காவைப் பிடித்து வந்திருந்தாள். மருந்துக்குப் பதில் வெறும் உப்பு நீர்.

அதை மருந்துக் கிண்ணத்தில் ஊற்றாமல் மாஸ்க்கில் ஊற்றி மடியை நனைத்துக்கொண்டாள் அக்கா. குழாயை மாற்றிச் செருகினாள். கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, “புகையே வரலையே?” என்றாள்.

ஒவ்வொரு தடவையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினாள். இரண்டு இடத்தில் படமும் போட்டாள்.

அக்கா மாடியேறியதும் கணவன் ஆரம்பித்தான்.

“எங்கேர்ந்து பிடிச்சே இந்த அறிவுக்கொழுந்தை? இவங்களுக்குப் புரியணும்னா, நீயே கூடப் போய் மூச்சு விட்டாத்தான் உண்டு!”

“சும்மா இருங்க, எனக்கே தலை சுத்துது. வீட்டுல லைட்டு சுவிட்ச் எப்படித்தான் போடறாங்களோ!” அவளும் சிரித்துவிட்டாள்.

பரீட்சைக்கு முதலில் வந்தவர் ஒரு தையல்காரர். மருந்தோடு அவர் கை நேராக மாஸ்க் பக்கம் போயிற்று. கையேட்டைப் பார்த்தார், கிண்ணத்துக்குத் திரும்பினார். அடுத்து வந்த வாத்தியார் கிண்ணத்தைச் சாய்த்தார். படத்தைப் பார்த்து நிமிர்த்தினார்.

ஐந்து பேரும் பாஸ்!

“எங்கெங்கே தப்பு வரும்னு முன்னாடியே எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” மேனேஜர் கைகுலுக்கினார்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் வீடு திரும்பியதும், சாக்லேட் பெட்டியோடு இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினாள். கதவு திறந்தே இருந்தது.

உள்ளே அக்கா யாரோடோ போனில் பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒற்றைக் கையால் மருந்துக் கிண்ணத்தை மூடி, குழாயைச் செருகி, தன் கணவர் முகத்தில் மாஸ்க்கை மாட்டிவிட்டாள். பக்கத்தில் நெபுலைசர் ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா! இது… உங்க வீட்டுல…?”

“ஆறு வருஷமா தினம் ரெண்டு வேளை இதான்.” அக்கா போனை வைத்தாள். “அதை விடு, பாஸா?”

“பாஸ்க்கா! ஆனா அன்னிக்கு அத்தனை தப்பு பண்ணீங்களே?”

“எல்லாம் மொத நாளு, இவர் திணறிக்கிட்டிருக்க, கையேட்டைக் கையில வெச்சுக்கிட்டு நான் நிஜமாவே பண்ணின தப்பும்மா. ஒண்ணு விடாம உனக்குச் செஞ்சு காட்டினேன்.”